சம்பந்தி தைத்த வளையம்

மூன்று மாதமாக அந்தக் குயவரம்மாவுக்குச் சிவப்பு மட்டும் கைக்கு எட்டவில்லை. அவர் செய்வது ராக்கு என்னும் ஜப்பானிய முறை. செம்புப் பொடி கலந்த மெருகைப் பூசிய கிண்ணம் சூளையில் தணலாய்ப் பழுத்ததும், நீண்ட இடுக்கியால் தூக்கி, மரத்தூள் போட்ட தகர டிரம்மில் வைத்து மூடிவிட வேண்டும். உள்ளே புகை மட்டும் நின்றால் மெருகு சிவக்கும். காற்று புகுந்தால் பச்சையாகிவிடும். அவருக்கு வந்ததெல்லாம் பச்சைதான்.

அந்த வீட்டு மருமகளான தன் மகளைப் பார்க்கப் பத்து நாள் தங்க வந்திருந்த சம்பந்தியம்மா தையல்காரர். பின்வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்:

"சம்பந்தி, மூடி சரியா உட்காரலை. சுத்திலும் புகை வழியுதே."

"புகைன்னா வெளிய வரத்தான் செய்யும்."

மண்ணைத் தொட்டே பார்க்காதவர் குறை சொல்கிறாரே என்று குயவருக்குச் சுருக்கென்றது. அன்றைய கிண்ணமும் பாசி படிந்த மாதிரி வந்து நின்றது. மறுநாள் காலை டிரம்மை உருட்டி வந்து சம்பந்தியின் முன்னால் நிறுத்தினார்.

தையல்காரர் அளவு நாடாவால் மூடியைச் சுற்றி அளந்தார். பழைய போர்வையைக் கிழித்துக் குழல் போலத் தைத்து, வெட்டுத்துணியைத் திணித்து ஒரு வளையம் செய்தார்.

"எல்லாம் பருத்திதான். பாலியஸ்டர் கலந்தா உருகி ஒட்டிக்கும்."

அதைத் தண்ணீரில் முக்கி மூடிக்கு அடியில் பொருத்தினார்கள். கிண்ணம் உள்ளே போனதும் குப்பென்று தீ எழுந்தது. இருவரும் சேர்ந்து மூடியை அமுக்கினார்கள். ஒரு இழை புகைகூட வெளியே வரவில்லை.

ஐந்து நிமிடம் ஆகியிருக்காது, தையல்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கையுறையோடு மூடியை ஓரமாகத் தூக்கி எட்டிப் பார்த்துவிட்டார்.

"ஐயோ சம்பந்தி, மூடுங்க, காத்து உள்ள போயிடும்."

அரை மணி கழித்துத் திறந்தார்கள். குயவர் கிண்ணத்தைத் தண்ணீரில் அமிழ்த்திக் கரியைத் தேய்த்தார். புதுச் செம்பு போலத் தகதகவென்று சிவப்பு. கொஞ்சமே காற்று பட்ட பக்கத்தில் மட்டும் மயில்கழுத்து நீலம், நடுவே ஊதாவாகக் கரைந்து இறங்கியிருந்தது.

தையல்காரர் அந்த நீலத்தை விரலால் தொட்டார். "நான் கெடுத்துட்டேனா?"

குயவர் கிண்ணத்தை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது.

"இதே மாதிரி இன்னும் நாலு கெடுத்துக் குடுங்க சம்பந்தி."

அன்று தொடங்கியது வாதம்: எத்தனையாவது நிமிடத்தில் தூக்குவது, எந்தப் பக்கம், எத்தனை விரற்கடை. பத்து நாள் முடிந்து மூன்றாவது வாரம் நடந்துகொண்டிருந்தபோது மகள் மெதுவாகக் கேட்டாள்:

"ஊருக்கு எப்பம்மா போறே?"

முகமெல்லாம் கரியோடு அம்மா நிமிர்ந்தார். "இந்த ஊதா இன்னும் பிடிபடலைடி."