மடித்து வெட்டிய வயல்

1

இந்தக் கதை எனக்கு இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நிற்கும்போது கிடைத்தது. ஒரு சட்டைக்கு அளவு கொடுக்கப் போயிருந்தேன். தையல்காரி குண்டூசியை வாயில் கவ்விக்கொண்டே தன் வீட்டு விவசாயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். குறிப்பெடுக்க வழியில்லை, கொஞ்சம் அசைந்தாலும் குத்தும். அதனால் காதில் விழாமல் போனதையெல்லாம் நானே இட்டு நிரப்பியிருக்கிறேன். எது அவளுடையது, எது என்னுடையது என்று துருவாதீர்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

கதிரவனின் பொன்னொளி படர்ந்த வயலில் அவள்— [வேண்டாம். அவள் அப்போது வயலில் நிற்கவே இல்லை. கடையில், மேசை முன்னால் நின்றாள். வெளிச்சம் டியூப்லைட்டுடையது.]

அப்புறம் இப்படி:

பெண்ணுக்கும் மண்ணுக்கும் உள்ள— [இந்த வாக்கியத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.]

மூன்றாவது தொடக்கம் சாதாரணமானது. அதையே வைத்துக்கொள்கிறேன். தையல்காரி வெட்டுமேசையில் பழுப்புத் தாளை விரித்து, தங்கள் வயலை வரைந்தாள்.

2

ஏன் வரைந்தாள் என்பதைச் சொல்லாமல் மேலே போனால் நீங்கள் என்னைத் திட்டுவீர்கள்.

வீட்டிலேயேதான் கடை. வீட்டுக்குப் பின்னால் ஒரே துண்டு நிலம். சீரான நீள்சதுரம். வீட்டிலிருந்து பார்த்தால் இடப்பக்கம் மேடு, வலப்பக்கம் பள்ளம். கணவர் லாரி ஓட்டுகிறார்.* விவசாயத்தைப் பார்ப்பவர் கணவரின் தம்பி, அதாவது அவள் கொழுந்தனார். போன பருவத்தில் அவர் நிலம் முழுக்கத் தக்காளி போட்டார். எல்லாம் ஒரே நேரத்தில் பழுத்தன. பறிக்க ஆள் போதவில்லை; பாதி செடியிலேயே அழுகிப்போனது.

அதற்குப் பிறகு ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்: "அண்ணி, இன்னும் ஒரு பருவம் பார்க்கிறேன். சரிவரலைன்னா நிலத்தைக் குத்தகைக்கு விட்டுட்டு கிடங்கு வேலைக்குப் போயிடுறேன். அவங்களும் கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்காங்க."

[இங்கே "கோபமாகச் சொன்னார்" என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அது கோபமில்லை, அலுப்பு.]

அவளுக்குத் திக்கென்றது. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து தையல் மெஷினை விட்டுத் தலையை நிமிர்த்தினால் கண்ணில் படுவது அந்த நிலம்தான். அதில் வேறு யாரோ அறுவடை செய்வதைத் தினமும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க அவளால் ஆகாது.

"இந்தத் தடவை எங்க எதைப் போடுறதுன்னு நான் சொல்லட்டுமா தம்பி?"

"சொல்லுங்க. நீங்க சொல்றதை அப்படியே பண்றேன். நடுவுல வாயே திறக்க மாட்டேன்."

(*கணவரை நாலாம் பகுதியில் கொண்டுவரலாம் என்று இருந்தேன். வந்தால் தம்பிக்கு ஒரு நியாயம், மனைவிக்கு ஒரு நியாயம் பேசிக் கதையை இழுத்துவிடுவார். லாரியிலேயே இருக்கட்டும்.)

3

பள்ளிச் சீருடை ஆர்டர் வந்தால், அத்தனையையும் ஒரே நாளில் தருவதாக அவள் ஒருபோதும் ஒத்துக்கொள்வதில்லை. வாரம் கொஞ்சமாகக் கொடுப்பாள். வயலையும் அப்படித்தான் யோசித்தாள். சீக்கிரம் கைக்கு வரக் கீரை. அடுத்து வெண்டை. தக்காளியை மூன்று தவணையாக, இடைவெளி விட்டு நடுவது. மேட்டில் வெங்காயம். தண்ணீர் நிற்கும் பள்ளத்தில், ஈரத்துக்கு அஞ்சாத சேப்பங்கிழங்கு. எந்த வாரமும் சும்மா போகாது, எந்த வாரமும் கை போதாமல் திண்டாட வேண்டியதில்லை.

தாளை இரண்டாக மடித்து வெட்டினாள். ஒன்று கடைச் சுவருக்கு, ஒன்று கொழுந்தனாருக்கு. மேல்தாளில் கட்டம் போட்டு, கோடுகளின்மேல், தையலுக்குப் புள்ளி பதிக்கும் பல்சக்கரத்தை அழுத்தி உருட்டினாள். அடித்தாளிலும் புள்ளிகள் விழுந்தன. அடித்தாளைப் பிரித்துத் திருப்பிப் போட்டு, புள்ளிகளைச் சேர்த்துக் கட்டம் வரைந்து, பயிர்ப் பெயர்களை எழுதினாள். இரண்டிலும் கீழ்விளிம்பில் 'வீடு' என்று குறித்தாள். சட்டைக் கை வெட்டும்போது தினமும் செய்கிற வேலைதான்.

கவனமான வாசகர் இங்கேயே நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். உட்காருங்கள். அவள் இன்னும் நிமிரவில்லை. அடித்தாளைக் கொழுந்தனாரிடம் கொடுத்துவிட்டு, சுவரில் ஒட்டிய மேல்தாளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். முதல்முதலாகத் தைத்த சட்டையைக்கூட அவள் இப்படி ரசித்துப் பார்த்ததில்லை.

4

நடவு அன்று டீ பிளாஸ்க்கோடு வயலுக்குப் போனாள். கொழுந்தனாரும் கூலிக்கு வந்த இரண்டு பெண்களும் பள்ளத்தில் குனிந்து வெங்காயம் நட்டுக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி, வெங்காயத்தை ஏன் இங்க வைக்கிறீங்க? இது பள்ளமாச்சே."

"தாள்ல அப்படித்தானே இருக்கு." சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். அப்படித்தான் இருந்தது.

"தண்ணி நிக்கும், அழுகிடும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். வாயைத் திறக்க மாட்டேன்னு சொன்னேன்ல. நீங்க ஏதாவது யோசிச்சுதான் போட்டிருப்பீங்கன்னு நினைச்சேன்."

அவள் தாளைத் திருப்பி வெயிலுக்கு நேராகப் பிடித்தாள். பின்பக்கமிருந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருந்தது. வெங்காயம் மேட்டில், கிழங்கு பள்ளத்தில். மடித்து வெட்டினால் ஒன்று இடக்கை, மற்றது வலக்கை. சட்டைக்கு இரண்டும் வேண்டும். வயல் ஒன்றுதான்.

[முதல் படியில் அவளை அழவைத்தேன். பொருந்தவில்லை. இரண்டாம் படியில், தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கொழுந்தனார்மேல் எரிந்து விழுந்தாள். அது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அவள் அப்படிச் செய்யவில்லை.]

பிளாஸ்க்கை வரப்பில் வைத்தாள். "என் தப்பு. மடிச்சு வெட்டினேன், இடது வலதா மாறிடுச்சு," என்றாள், எல்லோர் காதிலும் விழும்படி. "பிரிச்சுத் தைப்போம்."

உட்கார்ந்து முதல் வெங்காயத்தை அவளே பிடுங்கினாள். அவள் கடையில் பிரித்துத் தைப்பது ஒரு கேவலமே இல்லை. பிரிக்கத் தெரியாதவரைத்தான் அவள் வேலைக்கு வைத்துக்கொள்ளமாட்டாள்.

"எங்க வீட்டுத் துணியையும் இப்படித்தான் வெட்டுறீங்களா அக்கா?" என்றாள் கூலிக்கு வந்தவர்களில் ஒருத்தி.

"உன் வீட்டுக்காரருக்கு ரெண்டு கை இருக்கே, அதனால தப்பிச்சீங்க."

கொழுந்தனார் சிரித்துவிட்டார். போன பருவத்துக்குப் பிறகு அவர் சிரித்து அவள் இப்போதுதான் பார்க்கிறாள்.

"அண்ணி, இனிமே வாயைத் திறக்கலாமா?"

"தாராளமா திறங்க. மூடிக்கிட்டு இருந்ததாலதான் இப்ப குனிஞ்சுக்கிட்டு இருக்கோம்."

திறந்தார். முதல் தவணைத் தக்காளி பாதையோரம் இருந்தால் கூடை தூக்கச் சுலபம் என்றார். வெண்டைக்குக் கொடுத்த இடம் அகலம் போதாது என்றார். சாக்பீஸ் இல்லாததால் குச்சியால் மண்ணிலேயே வரைந்தார்கள்; இரண்டு இடத்தில் அவர் சொன்னது நின்றது, மற்றதில் அவள் சொன்னது. சாயங்காலத்துக்குள் வெங்காயம் மேட்டுக்கு ஏறிவிட்டது.

வரப்பில் நின்று இருவரும் பார்த்தார்கள். அவளுக்கு அப்போது எப்படி இருந்தது என்பதை நயமாகச் சொல்ல முயன்று மூன்று வாக்கியங்களைக் கெடுத்தேன். பெருமையாக இருந்தது. இடுப்பு ஒடிந்துபோயிருந்தது, நகக்கண்ணெல்லாம் மண், ஆனாலும் ரொம்பப் பெருமையாக இருந்தது. எழுதும்போது எனக்கும்தான்.

5

முடிவு அ: அந்தப் பருவத்தில் வண்டி வண்டியாக— [நான் ஆசைப்படுகிறேன் என்பதற்காகப் பயிர் விளையாது.]

முடிவு ஆ: எதிர்பாராத பெருமழை— [இதைப் பத்திரிகையில் உடனே எடுத்துக்கொள்வார்கள். அதுதான் யோசனையாக இருக்கிறது.]

சட்டை வாங்கப் போனபோது இரண்டையும் அவளிடம் படித்துக் காட்டினேன். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுச் சொன்னாள்: "விளைச்சலைப் பத்தி எழுதாதீங்க மேடம். இன்னும் முளைக்கவே இல்லை. அது எங்க வேலை."

"சரி. உங்க கொழுந்தனார் போறாரா, இருக்காரா? அதையாவது சொல்லுங்க."

"என்கிட்டயும் சொல்லலை. நானும் கேட்கலை." மெஷினை மிதிக்கத் தொடங்கினாள். கேட்கப் பயமாக இருக்கிறது என்பது அவள் மிதித்த வேகத்திலேயே தெரிந்தது.

அப்போது அவரே தண்ணீர் குடிக்க உள்ளே வந்தார். நான் விடுவேனா, கேட்டுவிட்டேன்.

சொம்பை முழுக்கக் காலி செய்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "நேத்து கிடங்குல இருந்து ஃபோன் வந்துச்சு. வர முடியாதுன்னுட்டேன். அண்ணி அடுத்த பருவத்துக்கும் தாள் வெட்டி வச்சுட்டாங்க, விட்டுட்டு வந்தா நல்லா இருக்காதுன்னு சொன்னேன்."

மெஷின் நின்றது. "நான் இன்னும் வெட்டலையே தம்பி."

"அப்ப நான் சொன்னது பொய்யாயிடுமே. வெட்டிடுங்க அண்ணி."

சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு வயலுக்குப் போய்விட்டார். அவள் என் சட்டையை முகத்தருகே தூக்கிப் பிடித்து, இல்லாத பிசிறைக் கொஞ்ச நேரம் தேடிக்கொண்டிருந்தாள்.

விளைச்சலை உங்களிடம் விடுகிறேன். நல்லபடியாக எழுதிக்கொண்டால் எனக்கும் சந்தோஷம். மழையில் எல்லாம் போயிற்று என்று எழுதினாலும் சண்டைக்கு வரமாட்டேன். ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள்: அவர் இங்கேதான் இருப்பார்.