இல்லாத கல்

எனக்குச் சிறுநீரகத்தில் கல் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள் அம்மா. உண்மையில் எனக்கு வந்திருப்பது கர்ப்பப்பை வாயில் புற்றுநோய். அதிலும் தசையில் கிளம்பும் ஒரு வகை. என் வயதுப் பெண்களில் எங்கோ ஒருத்திக்குத்தான் வருமாம். பிளஸ் டூ படிக்கும்போது உதிரம் நிற்காமல் போனது. ஒருநாள் திராட்சைக் கொத்து மாதிரி ஏதோ வெளியே எட்டிப் பார்த்தது. அம்மா அலறியடித்துக்கொண்டு மதுரைக்குக் கூட்டிப்போனாள்.

சதையைக் கிள்ளிப் பரிசோதித்த டாக்டரம்மா, "மருந்து ஏத்தினா கட்டி சுருங்கிரும். கர்ப்பப்பையையும் காப்பாத்தப் பாக்கலாம். ஆனா லேட் பண்ணக் கூடாது. திங்கக்கிழமை காலைல பெட் சொல்லிருக்கேன், வந்துருங்க" என்றார்.

"வெளிய தெரிஞ்சா எவன்டி ஒன்னையக் கட்டுவான்?" என்று பஸ் முழுக்க அழுத அம்மா, எங்கள் ஊர் இலுப்பூரில் இறங்கும்போது கல்லைக் கண்டுபிடித்துவிட்டாள்.

பொய் சொல்வதுதான் சொல்கிறாள், வேறு நோயா கிடைக்கவில்லை? கல் என்றால் எங்கள் ஊரில் ஆளாளுக்கு டாக்டர். மறுநாளே வாழைத்தண்டு வர ஆரம்பித்தது. அழகம்மாள் அத்தை ஒரு கட்டு, பால்காரர் ஒரு கட்டு. அடுத்த தெருக்காரர் ஒருவர் தன் கல்லையே மாத்திரை டப்பாவில் போட்டுக் கொண்டுவந்து, "இதவிடப் பெருசா?" என்றார்.

"கொஞ்சம் சிறுசுதாண்ணே" என்றாள் அம்மா, கூசாமல்.

காலையில் தண்டுச் சாறு, மதியம் பொரியல், ராத்திரி கூட்டு. தண்டைப் பார்த்தாலே எனக்குக் குமட்டியது.

திங்கட்கிழமை விடியலில் மதுரைக்குக் கிளம்பும்போது வாசலில் வேன் வந்து நின்றது. ஆண்டிச்சாமி பெரியப்பா, அப்பாவின் அண்ணன். அப்பா குவைத்தில் இருப்பதால் எங்கள் வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

"மதுரையும் வேணாம், ஒண்ணும் வேணாம். ஆலங்குடிப் பக்கம் ஒருத்தரு கல்லுக்கு மருந்து குடுக்குறாரு. சொல்லிவச்சுட்டேன், ஏறுங்க."

"இல்ல மாமா, அங்கிட்டு பெட்டு சொல்லிருக்கு..." அம்மா திருதிருவென்று முழித்தாள்.

"ஒரு கல்லுக்கு எதுக்குத்தா பெட்டு?"

நியாயமான கேள்வி. அம்மா ஏறிவிட்டாள்! என்னையும் கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள். ஆத்திரத்தில் அவள் தொடையில் நறுக்கென்று கிள்ளினேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கல்லில் எத்தனை வகை என்று பெரியப்பா புதுக்கோட்டை வரை விளக்கினார். அதற்கப்புறமும் விளக்கினார். ஆலங்குடிக்கு முந்தின திருவரங்குளம் போர்டு வந்துவிட்டது. மதுரை முதுகுக்குப் பின்னால் எங்கோ கிடக்கிறது. இவர்கள் மானத்துக்கு நான் சாகணுமா?

"வண்டிய நிப்பாட்டுங்க! எனக்குக் கல்லும் இல்ல, மண்ணும் இல்ல. கேன்சர்! கர்ப்பப்பை வாயில! மதுரைக்குப் போகாட்டி நான் செத்துருவேன்!"

டிரைவர் போட்ட பிரேக்கில் பெரியப்பாவின் கண்ணாடி மடியில் விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

"இவள யாரு மாமா கட்டுவா? அதான் மறைச்சேன்" என்று அம்மா வெடித்து அழுதாள்.

பெரியப்பா மடியில் கிடந்த கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டினார். பிறகு, "கட்டிக் குடுக்க மொதல்ல புள்ள இருக்கணுமுல்லத்தா" என்றார். குரல் உடைந்திருந்தது. அதை மறைக்க டிரைவர் மேல் பாய்ந்தார். "என்னடா பாக்குற? மதுரைக்குத் திருப்புடா!"

மதியம்தான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். கவுண்டரில் இருந்த பெண், "இவ்வளவு லேட்டாவா வருவீங்க? என்ன கேஸ்?" என்று எரிந்து விழுந்தாள்.

வரிசையில் எங்களுக்குப் பின்னால், யாருக்கோ வைத்தியம் பார்க்க வந்திருந்த எங்கள் தெரு மளிகைக்கடைக்காரர் நின்றார். அவர் காதில் விழுந்தால் மைக் செட்டே வேண்டாம். அம்மா அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"எம் மகளுக்குக் கர்ப்பப்பை வாயில கேன்சர்! மொதல்ல மருந்த ஏத்துங்க, அப்புறமாத் திட்டுங்க!"

ஹாலே திரும்பிப் பார்த்தது.

"மெதுவாச் சொல்லுங்கம்மா" என்றாள் அந்தப் பெண்.

"மெதுவாப் பேசியேதாம்மா எம் புள்ளையப் பறிகொடுக்கப் பாத்தேன்" என்றாள் அம்மா.