இருபத்து மூன்றாவது பெயர்

1

மனித குலம் இதுவரை கண்டெடுத்தவற்றில் மகத்தானது இலக்கியம். நெருப்பு சோற்றை வேகவைத்தது. இலக்கியம் மனிதனையே வேகவைத்தது.

இது என் வாக்கியமல்ல. கென்யாவில், எங்கள் கிசுமு ஏரிக்கரை இலக்கிய விழாவின் பதினோராம் ஆண்டுத் தொடக்க உரையில் விழாத் தலைவர் பேராசிரியர் ஹெஸ்போன் ஒம்பேவா சொன்னது. பேராசிரியர் மீன்வளத் துறைக்காரர். அதற்குள் மைக் செத்துப்போயிருந்ததால் வாக்கியம் முதல் வரிசையோடு நின்றுவிட்டது. அவர்கள் தட்டினார்கள், அவர்களைப் பார்த்து நாங்களும் தட்டினோம்.

மைக்குக்கு உயிர் கொடுத்தவன் நான். விழா மண்டபத்துக்கு எதிரேதான் என் செல்போன் ரிப்பேர் கடை. பத்து மீட்டர் எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்றை எடுத்துவந்து கொடுத்தேன். இந்தக் கதை அந்த வயரிலிருந்துதான் பிறந்தது. பிறப்பிடமாக ஒரு துயரத்தையோ கனவையோ காட்டலாமா என்று யோசித்தேன். பொய் சொல்ல வேண்டிய இடம் பின்னால் வருகிறது, இங்கேயே தொடங்க வேண்டாம். வயர் கொடுத்ததால் விழாவின் நன்றியுரைப் பட்டியலில் என் பெயர் ஏறியது. இரண்டு சிறுகதைத் தொகுப்பு போட்டிருக்கிறேன். அதற்காக ஏறவில்லை.

2

முதலில் எழுதிய தொடக்கம்: 'ஆகாயத்தாமரை படர்ந்த ஏரியின் மேல் மாலை வெயில் ஒரு பழைய காதலைப் போல...'

இதை விட்டுவிடுகிறேன். கிசுமுவில் எழுதுகிறவர்கள் எல்லோரும் ஆகாயத்தாமரையில்தான் தொடங்குகிறோம். படகுக்காரர்களுக்கு அது பிடிக்காத செடி. எங்களுக்கு அதுதான் பிழைப்பு.

இரண்டாவது தொடக்கம்: 'ரிஸ்பா அபோண்டிக்கு ஊரில் எல்லோருடைய பெயரும் தெரியும்.'

இது நிற்கட்டும். ரிஸ்பா சேமே என்ற ஊர்க்காரி. ஒரு கண் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். காலையிலிருந்து சாயங்காலம்வரை பெயர் கூப்பிடுவதுதான் வேலை. லுவோ பெயர், லுயா பெயர், சோமாலிப் பெயர், கடைவீதி குஜராத்திகளின் பெயர், எதுவானாலும் அவள் வாயில் முறியாது. கூப்பிட்டால் பாதிக் கண் தெரியாதவர்கூட நிமிர்ந்து நடந்து வருவார். அதனால்தான் ஒன்பது வருஷமாக நன்றியுரை அவளிடம்.

3

நன்றியுரை என்றதும் நீங்கள் செருப்பைத் தேடத் தொடங்கியிருப்பீர்கள். உங்கள் ஊர்க் கூட்டங்களில் நன்றியுரை என்பது நாற்காலிகளுக்குச் சொல்வது. எங்கள் ஊரில் அப்படியல்ல. 'ஏரியும் எழுத்தும்: ஒரு மறுவாசிப்பு' அமர்வுக்குப் பதினோரு பேர் வந்தார்கள், அதில் ஏழு பேர் என் வயரைச் சுற்றி போன் சார்ஜ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு, நன்றியுரைக்கு, மண்டபத்தில் சுவரோடு சுவராக நிற்கவும் இடமிருக்காது.

காரணம் பக்ருவோக். பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே அதை நிறுத்தச் சொல்லி எழுந்து, தன்னைத் தானே நாலு வரி புகழ்ந்து கூவிவிட்டு உட்காரும் வழக்கம். கல்யாணத்தில் உண்டு, சாவில் உண்டு, இலக்கியத்துக்கு மட்டும் ஏன் வஞ்சனை? ரிஸ்பா பெயரைச் சொல்வாள். பெயருக்குரியவர் எழுந்து கூவுவார். கூட்டம் ஆர்ப்பரிக்கும். அடுத்த பெயர்.

(பெயரைக் கேட்டதும் எழுந்து வெளியே பொரித்த மீன் வாங்கும் வரிசைக்குப் போய்விடலாம். அதுவும் வழக்கம்தான். இந்த அடைப்புக்குறியை மறந்துவிடாதீர்கள்.)

4

இந்த இடத்தில் ஒரு நன்றியை நானும் சொல்லியாக வேண்டும். கிண்டல் செய்கிறவன் நன்றி கெட்டவன் என்று நினைத்துவிடக் கூடாது.

ஆறாம் ஆண்டு விழாவில், மீன் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு அம்மா என் முதல் தொகுப்பைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு வந்து என்னை மறித்தார்.

"நீதானேய்யா இதை எழுதினது? அந்தப் பொண்ணை எதுக்குய்யா சாகடிச்சே?"

"கதைக்கு அது தேவைப்பட்டுதும்மா."

"யாருக்குத் தேவைப்பட்டுது? எனக்குத் தேவைப்படல. என்கிட்ட கூடை தூக்கற ஆறு பேருக்குப் படிச்சுக் காட்டினேன், அவங்களுக்கும் தேவைப்படல. நீயா முடிவு பண்ணிட்டா ஆச்சா?"

இரண்டு மணி நேரம் சண்டை போட்டார். அந்தப் புத்தகத்தைப் பற்றி இன்றுவரை யாரும் பேசிய மொத்த நேரமே அதுதான். வீட்டுக்குப் போய் அன்றைக்கே அடுத்த கதையைத் தொடங்கினேன். இந்த விழா இல்லையென்றால் அந்த அம்மாவும் நானும் ஒரே சந்தையில் முப்பது வருஷம் மோதாமலே நடந்திருப்போம்.

5

ரிஸ்பாவிடமும் ஒரு கதை இருந்தது. ஆறு பக்கம். ஒன்பது வருஷமாக அதை மேடையில் படிக்கக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சார், ஆறே பக்கம்தான்."

"சேமே மகளே, கதை யார் வேணும்னாலும் எழுதலாம். நூத்தி முப்பத்தொரு பேரை ஒரு பேர் விடாம யாரு சொல்லுவா? அந்தத் திறமை உங்கிட்டதான் இருக்கு." பேராசிரியர் இதைப் பாராட்டாகத்தான் சொன்னார். அதுதான் கொடுமை. "அடுத்த வருஷம் பார்ப்போம்."

"ஒம்பது வருஷமா அடுத்த வருஷத்தைத்தான் சார் பாத்துக்கிட்டிருக்கோம்."

"பாரு, எவ்வளவு அழகாப் பேசறே! இதையெல்லாம் நன்றியுரையில வை."

வைத்துவிட்டாள்.

யோசனை அவளுடைய சிநேகிதி யூனியா அலுவோச்சுடையது. விழாவில் மீன் பொரிக்கிற யூனியா. இதை எனக்குச் சொன்னதும் அவளே, எண்ணெய்ச் சட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு:

"நான்தான் சொன்னேன். அடியே, இந்த விழாவுலயே பெரிய கூட்டம் உனக்குத்தான் வருது, நீ என்னத்துக்கு அந்த மீன் டாக்டர்கிட்ட இடம் கேட்டுக் கெஞ்சறே? பேருக்கு நடுவுல கதையைச் சொருகு. ஒரு பேரு, கொஞ்சம் கதை. ஒரு பேரு, கொஞ்சம் கதை. வரிசையைக் கலைச்சுடு, அவனவன் பேரு எப்ப வரும்னு தெரியாம உக்காந்திருப்பான். தலைவர் பேரைக் கடைசில வையி."

"பேர் வந்ததும் போயிடுவாங்களே?" என்று ரிஸ்பா கேட்டிருக்கிறாள்.

"போறவன் போகட்டும். எத்தனை பேர் இருக்காங்கன்னு நீயும் பாக்கத்தானே போறே?"

ரிஸ்பா மூன்று நாள் சரியாகத் தூங்கவில்லையாம்.*

* இந்தப் 'போறவன் போகட்டும்' எனக்குக் கொஞ்சம் குத்தியது. சட்டியைப் பார்த்துத்தான் சொன்னாள்; இருந்தாலும் குத்தியது.

6

ஞாயிறு. நாலு மணி. ரிஸ்பா பச்சைக் கவுன் போட்டு, கையில் தாள்களோடு ஏறினாள். ஏறியதும் தாள்களை ஒருமுறை எண்ணியதை நான் பார்த்தேன். (பார்த்தேனா? முன்வரிசையில் இல்லை நான். எண்ணியிருப்பாள்.)

"ஜெனரேட்டர் ஒடுமா அவர்களுக்கு நன்றி."

ஒடுமா எழுந்தார். "நான் இல்லாட்டி இந்த ஊர்ல சூரியனுக்கே கரண்ட் கிடையாது!"

ஆர்ப்பாட்டம். அது அடங்கியதும் ரிஸ்பா அடுத்த பெயருக்குப் போகவில்லை. "செவ்வாய்க்கிழமைதோறும் ஒரு பெரியவர் கண் ஆஸ்பத்திரிக்கு வருவார்," என்றாள்.

யாருக்கும் புரியவில்லை. ஒடுமா மீன் வரிசைக்குப் போய்விட்டார்.

"பேனர் எழுதின அவினோ அக்காவுக்கு நன்றி."

"என் எழுத்தைப் படிச்சவன் கண்ணாடியைக் கழட்டிட்டான்!" அவினோ அக்காவும் போனார்.

"அந்தப் பெரியவர் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. டாக்டர் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார். ஆனாலும் டோக்கன் போட்டுக் காத்திருப்பார். முழுப்பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து நின்று, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, கூட்டம் முழுவதையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு உள்ளே போவார்..."

மேடையில் பேராசிரியர் அவள் பக்கம் சாய்ந்தார். "என் பேரு எங்கே?"

"வருது சார்."

நிறுத்தச் சொல்ல வாயெடுத்தவர், நிறுத்தினால் தன் பெயரும் நின்றுவிடும் என்று கணக்குப் போட்டிருக்க வேண்டும். சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

பெயர், கதை. பெயர், கதை. அந்தப் பெரியவரின் வீட்டில் அவரை எல்லோரும் 'அவர்' என்றுதான் சொல்கிறார்கள் என்பது பதினைந்தாவது பெயருக்குப் பிறகு தெரிந்தது. இருபத்திரண்டாவது பெயருக்குப் பிறகு ரிஸ்பா படித்தாள்:

"ஒரு செவ்வாய்க்கிழமை அந்த வரவேற்புப் பெண்ணுக்கு எரிச்சல். வேண்டுமென்றே அவர் பெயரைக் கூப்பிடாமல் விட்டாள். எல்லோரும் போய்விட்டார்கள். பெரியவர் எழுந்தார். மேசைக்கு வந்தார். அவளைப் பார்த்து ஒன்று கேட்டார்."

தாளைப் புரட்டினாள். என் பெயரைச் சொன்னாள்.

எழுந்தேன். ஒரு வாரமாகக் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்தது: "வயர் நீளம் பத்து மீட்டர், பேர் நீளம் ஏரிக்கு அந்தக் கரை!" நல்ல ஆரவாரம். ஒடுமாவுக்குக் கிடைத்ததைவிட அதிகம் என்றே சொல்வேன்.

7

பெரியவர் என்ன கேட்டார்?

அ) "என்னை மறந்துட்டியாம்மா?" வேண்டாம். சினிமா.

ஆ) "உன் பேரு என்னம்மா?" ஊரையே பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவளின் பெயரை அதுவரை யாரும் கேட்டதில்லை. இது நன்றாக இருக்கிறது. நன்றாக இருப்பதாலேயே சந்தேகமாக இருக்கிறது. எனக்கே தோன்றியதென்றால் ரிஸ்பா இதைவிட நல்லதாக எழுதியிருப்பாள்.

இ)

'இ'யை நீங்கள் எழுதுங்கள். கேட்டுத் தெரிந்துகொள்ளலாமே என்பீர்கள். யூனியாவைக் கேட்டேன். "முடிவை எனக்கே சொல்லல, பாவி," என்றாள். மண்டபத்தில் இருந்த இரண்டு பேரைக் கேட்டேன். "நீங்க அங்க இல்லையா?" என்று இரண்டு பேருமே கேட்டார்கள். இருந்தேன் என்று சொல்லிவிட்டேன்.

ரிஸ்பாவையே கேட்டிருக்கலாம். மறுநாள் கடைக்கு வந்தாள். முகமே வேறாக இருந்தது.

"வாத்தியாரே, நன்றி சொல்லத்தான் வந்தேன்."

"அதான் நேத்தே சொல்லிட்டியே, சேமே மகளே."

"அது வயருக்கு. இது கதைக்கு. எழுதறவர் நீங்க. கேட்டீங்கல்ல, அது போதும். முடிவு சரியா வந்துதா? எனக்கு அதுல மட்டும்தான் பயம்."

ஒன்பது வருஷம் காத்திருந்தவளிடம் வேறென்ன சொல்வது?

"முடிவுதான் பிரமாதம்," என்றேன்.

அவள் அழுதேவிட்டாள். வயரைச் சுருட்டி, துடைத்து, ரப்பர் பேண்டு போட்டுக் கொண்டுவந்திருந்தாள். இந்த விழாவுக்கும் அவளுக்கும் நான் சொல்லும் நன்றி இந்தக் கதை. இதில் குறைவது அவளுடைய முடிவு ஒன்றுதான்.

ஞாயிறன்று நான் வெளியே வந்தபோது மீன் வரிசையில் இருபத்திரண்டு பேர் இருந்தார்கள். முக்கால் மணி நேரம் நின்றேன். எனக்குப் பின்னால் யாரும் வந்து நிற்கவில்லை.