தாண்டிய வரிகள்

1

கார்முகில் இறங்கிவந்து கூரைகளின் மேல் கைவைத்து நிற்கும் பருவம் இது. பகல் விடிவதும் தெரிவதில்லை, சாய்வதும் தெரிவதில்லை. சுவர்கள் வியர்க்கின்றன. துவைத்த துணி மூன்றாம் நாளும் ஈரம் விடுவதில்லை. தெருவில் போவோர் குடையைத் தாழ்த்திக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் போகின்றனர். பழஞ்செய்யுட்களில் இது பிரிந்தவர் திரும்பும் காலம். இக்கதையில் யாரும் திரும்பப்போவதில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கதை என்னுடையதன்று. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் பண்டகக் காப்பாளராக இருக்கும் நண்பர் ஒருவர் சொன்னார். அவர் சொன்னதும் நான்கு துண்டுச் சீட்டுகளைப் பற்றி மட்டுமே. அவை எந்த வீட்டிலிருந்து வந்தனவோ, அவ்வீட்டின் வாசலைக்கூட நான் மிதித்ததில்லை. ஆகவே வீட்டுக்குள் நடப்பவற்றில் பிழையிருப்பின் அது என் பிழை.

2

[அவளுக்குப் பார்வை இல்லை. ஆயினும் அவள் உள்ளத்தில் ஓர் ஒளி—]

அடித்துவிட்டேன். பார்வையற்றவரைக் கண்டதும் ஒளியைத் தேடி ஓடுகிறவன் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கி வைக்க வேண்டும். மீண்டும் தொடங்குகிறேன்.

சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளைத் தேய்த்து மடிப்பவள் ஒருத்தி. அவளுக்கு ஒரே மகள், இருபத்துநான்கு வயது, பிறவியிலேயே பார்வையில்லை. வேற்றூரில், பேச்சுகளைக் கேட்டு ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யும் வேலை ஒன்று மகளுக்கு வாய்க்கும் போலிருந்தது. தங்குமிடமும் உண்டு. தேர்வுக்காக ஒரு நீண்ட ஒலிப்பதிவை அனுப்பியிருந்தார்கள். அதைப் பிழையின்றித் தட்டச்சு செய்து சனிக்கிழமை நண்பகலுக்குள் அனுப்ப வேண்டும்.

மகளிடமிருந்தது பார்வையற்றோர் சங்கம் தந்த பழைய மடிக்கணினி. அதில் அண்மையில்தான் லினக்ஸ் என்னும் இயங்குதளத்தை ஏற்றியிருந்தார்கள். திரையைப் படிக்கும் மென்பொருள் அதில் இருந்தது. அதற்குக் குரல் கொடுக்கும் மென்பொருள் விடுபட்டிருந்தது. இணையம் இருந்தால் ஒரே வரியில் வரவழைத்திருக்கலாம். மழையில் கம்பி அறுந்து, கைப்பேசிக் கோபுரமும் சாய்ந்து, ஒலிப்பதிவு வந்து சேர்ந்த மறுநாளே அந்தத் தெருவுக்கு இணையம் போய்விட்டது; ஒரு வாரமாயிற்று. பதிவைக் கேட்கலாம், விரல் பழக்கத்தால் தட்டலாம், தட்டியது சரிதானா என்று அறிய வழியில்லை.

தாய்க்கு ஆங்கில எழுத்துகள் தெரியும். விரிப்புகளில் குத்தியிருக்கும் முத்திரைகளைப் பார்த்துப் பார்த்து வந்த அறிவு. சொற்கள் தெரியா. மகளுக்குச் சொற்கள் தெரியும், திரை தெரியாது. இருவரும் சேர்ந்தால்தான் ஒரு வாசகர்.

"எஸ்... பி... இ... இ... சி... எச்..."

"ஸ்பீச். மேல போம்மா."

"மேலன்னா, மேல் வரியா?"

"அடுத்த சொல்லுக்குப் போன்னேன்."

"அப்ப அடுத்ததுன்னு சொல்லு. மேல போன்னா நான் என்ன வானத்துக்கா போறது?"

இப்படித் திரையில் தேடிக்கண்ட மென்பொருளின் பெயரைத் தாய் ஒரு சீட்டில் எழுத்தெழுத்தாக வரைந்து, பென் டிரைவோடு வேலைக்குக் கொண்டுபோனாள். காப்பாளரின் அறையில் இணையம் இருந்தது. செவ்வாய்க்கிழமை ஒரு சீட்டு. புதன்கிழமை இன்னொன்று. வியாழக்கிழமை மூன்றாவது.

"என்னக்கா, இன்னிக்கும் சீட்டா? டாக்டர்கூட இவ்வளவு எழுத மாட்டாரு."

"இறக்கிக் குடு தம்பி. நேத்துக் குடுத்தது தனியா வேலை செய்யாதாம். துணைக்கு இன்னொண்ணு வேணுமாம்."

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க."

"அது வேற துணை."

"சரிதான். ஒருத்தருக்குப் பத்திரிகை வெச்சா ஊரே பந்தில வந்து உக்காருது."

அவர் சிரித்தபடியே இறக்கிக் கொடுத்தார். அவள் சிரிக்கவில்லை.*

*அடிக்குறிப்பு: லினக்ஸில் ஒரு மென்பொருள் வேறு சிலவற்றைச் சார்ந்து நிற்கும். இணையம் உள்ளவர்க்கு அது தானே சென்று அவற்றை அழைத்துவரும். இல்லாதவர் ஒவ்வொன்றாய்ச் சுமக்க வேண்டும். உன்னை அடைய உன் அருள் வேண்டும், அவ்வருளைக் கேட்கவும் உன் அருளே வேண்டும் என்று அடியார்கள் அழுததை நாற்பதாண்டுகளாகப் படித்து உருகியிருக்கிறேன். அது எவ்வளவு கொடிய ஏற்பாடு என்பது இச்சீட்டுகளைப் பற்றிக் கேட்டபிறகே உறைத்தது.

3

வெள்ளிக்கிழமை மாலை நான்காவதும் வந்தது. அதையும் ஏற்றினார்கள். இன்னும் ஏதோ குறைகிறது என்றே கணினி சொன்னது. சங்கத்து வகுப்பில் கேட்ட ஒரு கட்டளை மகளுக்கு நினைவு வந்தது. அரைகுறையாக நிற்பவற்றைச் சீர்செய்யும் கட்டளை. தட்டினாள். திரையில் இருபது வரிகள் வந்து நின்றன.

"என்னம்மா வந்திருக்கு?"

காலை ஆறு மணியிலிருந்து நீராவியில் நின்றவள் தாய். கண் எரிந்தது.

"எப்பவும் வர்ற வரிதான். கடைசில ஒய்யா, என்-ஆன்னு கேக்குது."

"புதுசா எதுவும் இல்லையே?"

"இல்ல."

மகள் சம்மதம் சொல்லும் ஒய்யை அழுத்தினாள்.

இணையம் இல்லாத கணினிக்குச் சீர்செய்ய ஒரே வழிதான் உண்டு: துணை கிடைக்காதவற்றைக் கழற்றி எறிவது. நான்கு நாள் சுமந்தவற்றைக் கழற்றியது. அவற்றோடு பிணைந்திருந்த, திரையைப் படிக்கும் மென்பொருளையும் கழற்றியது. நான்கும் பென் டிரைவில் பத்திரமாக இருந்தன. படிக்கும் மென்பொருள் எதிலும் இல்லை.

"முதல்லேருந்து சொல்லும்மா. ஒண்ணும் விடாம."

தாய் சொன்னாள். ஐந்தாவது வரியில் ஆர், இ, எம், ஓ, வி, இ, டி என்று வந்தபோது மகளின் கை விசைப்பலகையிலிருந்து மடிக்கு இறங்கியது. நீக்கப்படும் என்று கணினி முன்பே சொல்லியிருந்தது. அனுமதியும் கேட்டிருந்தது.

"நான் தாண்டினதுலதானா?"

"நீ சொல்லியிருந்தாலும் நான் அழுத்தியிருப்பேன்மா."

இது பொய். மகள் சொன்ன பொய்யா, தாய்க்கு இரங்கி நான் புகுத்தியதா என்று எனக்கே விளங்கவில்லை.

4

தாயை நான் ஐயுறுகிறேன். வாசகரே, நீங்களும் ஐயுற்றிருப்பீர்கள். வேலை வேற்றூரில். வேலை கிடைத்தால் அந்த வீட்டில் அவள் தனியள். மூன்று நாள் ஓர் எழுத்தும் விடாதவள், நான்காம் நாள் பத்தொன்பது வரிகளைத் தாண்டியது களைப்பால்தானா?

[அவள் அந்த வரியைக் கண்டாள். அந்த ஏழெழுத்துச் சொல் புதியது என்று கண்டும்—]

முடிக்க மாட்டேன். அவளுக்கு அச்சொல்லின் பொருள் தெரியாது. எழுத்துகளை மட்டும் கண்டவள்மீது பொருளின் பழியை ஏற்றுவது எழுதுகிறவனின் கொடுமை. ஆனால் ஐயம் எழுந்தது எழுந்ததுதான். தன்னைப் பற்றி அவளுக்கே எழுந்திருக்கும். அன்று அவள் சோறு உண்ணாமைக்கு அதுவே காரணம் என்று வைத்துக்கொள்கிறேன்.

5

முதல் முடிவு: அன்றே கம்பியை ஒட்டுகிறார்கள், இணையம் வருகிறது. எழுதிப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது.

இரண்டாம் முடிவு: சனிக்கிழமை காலை ஐந்தாவது சீட்டு. சலவைக்கூடத்துக்குப் பேருந்தில் ஒரு மணி நேரம், திரும்ப ஒரு மணி நேரம், அலுவலகம் அரைநாள். அன்று அவள் காப்பாளர் அறையிலிருந்து அனுப்பக் கொண்டுபோக வேண்டியது முடித்த வேலையை. கணக்கு ஒத்துவரவில்லை.

மூன்றாம் முடிவு: [மகள் கணினியை மூடி, "பரவால்லம்மா, இங்கயே இருந்துக்கறேன்" என்று] போதும்.

நண்பரைக் கேட்டேன். "சனிக்கிழமை அந்த அக்கா வந்தாங்களா?"

"அன்னிக்கு எனக்குக் காய்ச்சல். நான் போகல" என்றார்.

6

எனக்குத் தெரிந்த எல்லை இதுவே. இதற்கப்பால் உள்ள வீட்டை உங்களிடம் ஒப்படைக்கிறேன். ஒன்றை மட்டும் நான் எழுதிவிட்டுப் போகிறேன்.

வாரம் முழுதும் மகள் குரலின்றித் தட்டிவைத்தது முப்பத்தொரு பக்கம். அதே வெள்ளிக்கிழமை, விளக்கேற்றும் வேளை. தாய் எழுந்துபோய்க் கையையும் முகத்தையும் கழுவிக்கொண்டு வந்து, முதல் பக்கத்தைத் திறந்து வைக்கச் சொன்னாள்.

"எதுக்கும்மா?"

"நான் படிக்கிறேன். தப்பு வந்தா நிறுத்து."

"முப்பத்தொரு பக்கம்மா. எழுத்தெழுத்தா ஆகுற காரியமா?"

"நீ கேளு."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பொருள் தெரியாத மந்திரத்தை ஓதுபவளின் கவனத்தோடு, விரலைத் திரையில் வைத்து, முதல் எழுத்தைச் சொன்னாள். இடைவெளி வந்த இடத்தில் இடைவெளி என்றாள். புள்ளி வந்த இடத்தில் புள்ளி என்றாள். மகள் தலை தாழ்த்திக் கேட்டிருந்தாள்.

அறியாத சொல்லை அன்பினால் ஓதும் வாய் அயராதிருக்க. கேட்கும் செவி நிறைக. நண்பகல் தாழ்ந்து வருக. யாரும் யாரையும் குறைசொல்லாதிருக்க. ஒரு வரியும் தாண்டாமல் இதுவரை வந்த நீங்களும் நலமே வாழ்க.