யார் வெளியே போவது

என் அக்கா செவஸ்திக்கு உதடு கிழிந்து தையல் போட்ட அன்று, ஆஸ்பத்திரிக்கு வந்த போலீஸ்காரர் தன்மையாகத்தான் பேசினார். ரோட்ஸ் தீவில் பெண்களுக்கான விடுதி இருக்கிறதாம், சாயங்காலக் கப்பலிலேயே ஏற்றிவிடுகிறாராம். "கெளம்பிடுங்கம்மா. உயிர் முக்கியமில்லையா?" எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடித்தவன் வீட்டில் காலை நீட்டிப் படுத்திருப்பான், அடிபட்டவள் மூட்டை கட்ட வேண்டுமா? எந்த ஊர் நியாயம் இது?

எங்கள் கிரேக்கத் தீவில் அம்மாவின் வீடு மூத்த மகளுக்கு. மாப்பிள்ளைதான் துணிமணியோடு வந்து குடியேறுவான். அக்கா புருஷன் மினாஸும் அப்படி வந்தவன்தான். வந்த இடத்தில் வீட்டுக்காரியையே சுவரில் மோதினான். இவ்வளவு அடி வாங்கிக்கொண்டு ஏன் அங்கேயே இருக்கிறாள் என்று ஊரே என்னிடம் கேட்டது. ஏனடா அடிக்கிறாய் என்று அவனிடம் ஒருத்தரும் கேட்கவில்லை. ஒரு தடவை அக்கா என் வாடகை அறைக்கு வந்துவிட்டாள். ஒரு வாரம்கூட ஆகவில்லை, திரும்பிப் போய்விட்டாள். அம்மாவின் கட்டிலில் அவன் பூட்ஸோடு தூங்குகிறான் என்று யாரோ சொன்னார்களாம். வீட்டுக்காகவா சாகப் போகிறாய் என்று கத்தினேன்.

"வீடும்தான். அவன் திருந்திடுவான்னும் நெனச்சேன்டி" என்றாள்.

இந்தத் தடவை அவள் கப்பல் ஏறவில்லை. தையல் பிரிப்பதற்குள், அவன் படகில் போயிருந்த நேரம் பார்த்து ஆள் வைத்துப் பூட்டை மாற்றினாள். அவன் துணிகளை மடித்து வாசற்படியில் வைத்தாள். எதற்கு மடிக்கிறாய், வீசி எறி என்றேன். கேட்கவில்லை.

மத்தியானம் வந்தான். முதலில் கதவை உதைத்தான், கெட்ட வார்த்தையாகக் கொட்டினான். கதவு அசையவில்லை என்றதும் அழ ஆரம்பித்தான். "செவஸ்தி, கண்ணு, நான் எங்க போவேன்?"

"உங்கம்மா வீடு உங்கக்காவுக்குத்தானே வந்துச்சு. அங்க போ" என்றாள் அக்கா, உள்ளேயிருந்தே.

அக்கா அலறியபோதெல்லாம் சாத்திக் கிடந்த ஜன்னல்கள் இப்போது ஒவ்வொன்றாகத் திறந்தன. "ஆம்பள அழறான், பாவம். தொறந்து விடேன்டி" என்றாள் எதிர்வீட்டு கல்லியோப்பி. நாசமாய்ப் போக! நாலு வார்த்தை கேட்கலாம் என்று எழுந்தேன். அக்கா என் பாவாடையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள். வெளியே அவன் தட்டத் தட்ட அவள் தோள் அதிர்ந்தது. தையல் போட்ட உதட்டில் ரத்தம் கசிந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.