ஊதாவின் மேல் ஊதா

நிலோபர் மலேசியாவின் ஸ்கூடாயில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் கிராஃபீன் செய்துகொண்டிருந்தாள். செய்வது பெரிய வித்தையில்லை. பென்சில் கரியான கிராஃபைட்டை ஒட்டு டேப்பில் வைத்து மடித்துப் பிரிக்க வேண்டும். பிரிக்கப் பிரிக்கக் கரி மெலியும். டேப்பை ஆக்சைடு படிந்த சிலிக்கான் தகட்டில் அழுத்தி உரித்தால், எங்கோ ஒரு மூலையில் ஓரணு கனத்தில் ஓர் ஏடு ஒட்டியிருக்கும். தேடுவதுதான் பாடு. மைக்ராஸ்கோப்பில் தகடு ஊதாவாகத் தெரியும். ஒற்றை அடுக்கோ அதைவிடச் சற்றே இருண்ட ஊதா. வித்தியாசம் அவ்வளவுதான்.

அதைக் கண்டுபிடிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. காசநோய் வந்து, குளுவாங்கில் அத்தா வீட்டில் படுத்தெழுந்து, மாத்திரைகளோடு திரும்பிய பிறகு ஒன்றுமே அகப்படவில்லை. டேப்பை மாற்றினாள். தகட்டைத் திரும்பத் திரும்பக் கழுவினாள். கிராஃபைட்டைத் திட்டினாள்.

ஒரு மத்தியானம், மழை இருட்டிக்கொண்டு வந்த நேரம், கூடப் படிக்கும் ரூபினி மைக்ராஸ்கோப்பில் எட்டிப் பார்த்தாள்.

"அலமாக், நிலோ! இவ்ளோ பெரிய ஒற்றை அடுக்கு இருக்கு. இதையா தூக்கிப் போடப் போற?"

"எங்க?"

"நடுவுலயே இருக்கு லா. தெரியலயா?"

நிலோபர் கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள். ஒரே சாம்பல்.

"ரூபினி, இந்தத் தகடு என்ன கலர்ல தெரியுது?"

சிரிக்க வந்த ரூபினி அவள் முகத்தைப் பார்த்து அடங்கிப்போனாள். "ஊதா," என்றாள்.

கண் மங்கினால் உடனே வர வேண்டும் என்று மருந்து கொடுக்கும்போதே டாக்டர் சொல்லியிருந்தார். களைப்பு என்று நிலோபர்தான் தள்ளிப் போட்டிருந்தாள். அன்றே ரூபினி அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். காசநோய் மாத்திரைகளில் கண்ணைக் கெடுத்த அந்த ஒன்றை மட்டும் நிறுத்தினார்கள். கண் நரம்பு தேறலாம், தேறாமலும் போகலாம் என்றார்கள்.

மாதங்கள் ஓடின. நெஞ்சு குணமாயிற்று. எழுத்துகள் தெளிந்தன. நிறங்கள் மட்டும் திரும்பவில்லை.

"கேமரா படத்தை வெச்சுக் கம்ப்யூட்டரையே தேடச் சொல்லலாமே. நீயே அந்த புரோகிராமை எழுதுறியா?" என்று தயங்கியபடி கேட்டார் பேராசிரியர் மகேஸ்வரன்.

எழுதினாள். நன்றாகவே வேலை செய்தது. முதல் நாளே திரையில் ஓரிடத்தைச் சுற்றிக் கட்டம் விழுந்தது. ஒளியைப் பாய்ச்சி அடுக்கைச் சொல்லும் ராமன் கருவியில் வைத்துப் பார்த்தார்கள், ஒற்றை அடுக்கேதான். எல்லாரும் கைதட்டினார்கள், நிலோபரும் தட்டினாள்.

அவர்கள் சாப்பிடப் போன பிறகு அவள் மட்டும் திரைமுன் உட்கார்ந்திருந்தாள். கட்டத்துக்கு உள்ளேயும் வெளியேயும் அதே சாம்பல்தான். குளுவாங்கிலிருந்து அத்தா கூப்பிட்டார். போன் அடித்து அடித்து ஓய்ந்தது.