நாற்பத்தொரு யானைகள்

பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றின் ஆவணக் காப்பகத்தில் சங்கரிக்கு வேலை. பழைய கையெழுத்துத் தாள்களைப் படமெடுத்து, அவற்றை வாசிக்கக் கணினியைப் பழக்கியிருந்தாள். ஒரு சொல்லைத் தட்டினால், அது இருக்கிற தாள்களையெல்லாம் நொடியில் காட்டிவிடும்.

முதல் ஆளாக வந்தவர் நாறும்பூநாதன், ஆற்றங்கரைக் கிராமமொன்றின் கோயில் கமிட்டித் தலைவர்.

"எங்க கோயில்ல ஒரு காலத்துல யானை நின்னுச்சும்மா. அக்கரைக்காரன் ஒருத்தனும் நம்ப மாட்டேங்கான்."

அந்தக் கோயிலின் நூறு வருடத்துக்கு முந்தைய குறிப்பேடுகளில் 'யானை' என்று தேடினாள். நாற்பத்தொரு இடம் வந்தது.

"நான் ஒண்ணுதானே கேட்டேன்" என்றார் அவர். சரிபார்க்க இரண்டு நாள் வேண்டும் என்று அவள் சொன்னது காதில் ஏறவில்லை. மறுநாளே ஊர் முக்கில் பேனர் கட்டிவிட்டார்: 'நாற்பத்தொரு யானைகள் நின்ற திருக்கோயில்.'

சங்கரி தாள்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். 'பொங்கலுக்கு வாங்கிய யானையில் மூன்று உடைந்துபோயின.' அடுத்தது, 'யானையைக் கழுவிக் கவிழ்த்து வைக்கவும்.'

குறிப்பு எழுதியவர் 'ப' போடும்போது முன்னால் ஒரு சுழி சுழித்திருந்தார். கணினி அதை 'ய' என்று எடுத்துக்கொண்டது. சங்கரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பேனர் நினைவு வந்ததும் சிரிப்பு நின்றது. போன் போட்டாள்.

"பூராவும் பானைதானா?"

"முப்பது பாத்துட்டேன் அண்ணாச்சி. மிச்சத்தையும் பாத்துட்டுச் சொல்லுதேன்."

"பேனரை மொதல்ல கழத்தச் சொல்லுதேன்" என்றார், குரல் இறங்கிப்போய்.

முப்பத்தெட்டாவது தாளையும் 'பானை' என்று திருத்தப் போனவள் நிதானித்தாள். 'அக்கரைக் கோயிலில் இரவல் வாங்கி வந்த யானை ஆற்றில் இறங்கிற்று. இரண்டு நாளாய்த் திரும்பிப் போக மறுக்கிறது. கரைத் தோட்டத்து வாழை முழுதும் போயிற்று.'

வாழை தின்கிற பானை இருக்க முடியாது. மறுபடி கூப்பிட்டு வாசித்துக் காட்டினாள். இரவல் என்ற இடத்தில் மட்டும் குரலைத் தணித்தாள்.

நாறும்பூநாதன் கொஞ்சம் யோசித்தார். "போக மாட்டேன்னு நின்னுச்சுல்லா? அப்போ அதுக்கு எந்த ஊரு பிடிச்சிருக்குன்னு நீயே சொல்லு."

சாயங்காலத்துக்குள் புதுப் பேனர் ஏறியது: 'எங்கள் ஊரை விட்டுப் போக மறுத்த யானை.'

அடுத்த வாரம் அக்கரையிலிருந்து மூன்று பேர் விறைப்பாக வந்து உட்கார்ந்தார்கள். "யானையைத் திருப்பி விட்டதுக்கு ஒரு சீட்டாவது இருக்கான்னு பாத்துச் சொல்லுங்கம்மா."

தேடினாள். அப்படியொரு தாள் எங்கும் இல்லை. அதை எப்படிச் சொல்வது என்று யோசித்தபடி, முதலில் அவர்களுக்கு டீ வாங்கிவரச் சொன்னாள்.